மாமாவுக்குப் போன மச்சான் ஃபேக்ஸ்

தங்கச்சி மகள் கோயம்புத்தூரில் ஒரு மெடிக்கல் பில்லிங் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் இன்ஷூரன்ஸ் கிளெய்ம் பார்க்கும் வேலை, ராத்திரி ஷிஃப்ட். முதல் வாரம் முடிந்து ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள் தட்டில் கை வைக்கும் முன்பே கேட்டாள். "பெரிம்மா, நீங்க ஃபேக்ஸ் மெஷினைப் பாத்திருக்கீங்களா? அங்க எதுக்கெடுத்தாலும் ஃபேக்ஸ் பண்ணு, ஃபேக்ஸ் பண்ணுங்கறாங்க."

அமெரிக்காவில் டாக்டர் ஆபீஸுக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் நடுவே இன்னமும் ஃபேக்ஸ் ஓடுகிறது என்பது எனக்குப் புதுச் செய்தி. இவள் கம்ப்யூட்டரில் இருந்தே அனுப்புகிறாளாம். காகிதம் கிடையாது, சத்தம் கிடையாது. ஆனால் அடிக்கடி அனுப்புகிற நம்பர்களைப் பதிந்து வைக்கும் ஸ்பீட் டயல் பட்டியல் மட்டும் உண்டு. அதில் ஒரு வரி மேலே கீழே தொட்டுவிட்டால் ஒருத்தருடைய நோய் விவரம் வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய்விடும், பெரிய வம்பு என்று டிரெய்னிங்கில் அரை நாள் பயமுறுத்தியிருக்கிறார்கள்.

"மேலே கீழே" என்று அவள் சொன்னதும் எனக்கு அடிவயிற்றில் சுருக்கென்றது. அந்த மேலே கீழேயில்தான் நான் ஒரு தடவை மாட்டினேன்.

1997-இல் திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். வயது 20, சம்பளம் 1,500. அவிநாசிப் பக்கத்தில் இருந்து டவுன் பஸ்ஸில் வருவேன். டைப்பிஸ்ட் என்று பேர்தானே தவிர ஃபைல், தபால், டீக்கணக்கு, ஃபேக்ஸ் எல்லாம் என் தலையில். ஃபேக்ஸ் மெஷின் முதலாளி அறைக்கு வெளியே, என் டேபிளுக்கு இடது கைப் பக்கம் இருந்தது. அதற்கு மேலே ஒரு உறை போட்டு, உறைக்கு மேல் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பூ வைப்பார்கள். கம்பெனிக்குச் சோறு போடுவது தையல் மெஷினா ஃபேக்ஸ் மெஷினா என்று கேட்டால் எங்கள் முதலாளி கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்லியிருப்பார். ஆர்டர் அதில்தான் வரும். அளவு சார்ட், பிரிண்ட் டிசைன், பேங்க் வழியாக வரும் கடன் உறுதிப் பத்திரமான எல்.சி.யில் திருத்தம், சாயம் சரி, மொத்தத் துணிக்கும் போடு என்பதற்கு "ஷேட் ஓகே, பல்க் போடு" என்ற ஒற்றை வரி, எல்லாமே அந்தச் சுருள் காகிதத்தில்தான் சுருண்டு விழும்.

அது தெர்மல் பேப்பர் காலம். வந்த ஃபேக்ஸை உடனே ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் போடாவிட்டால் ஆறு மாதத்தில் எழுத்து வெளிறிப்போகும். அயனிங் டேபிள் பக்கம் யாராவது மறந்து வைத்தால் மொத்தமும் கறுத்துப்போகும். இதைத் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன். இன்றைக்கு விஷயம் நம்பர்.

அந்த மெஷினில் ஸ்பீட் டயலுக்கு என்று ஆறு பொத்தான்கள் வரிசையாக இருக்கும். ஆறு பொத்தானில் பன்னிரண்டு நம்பர். பொத்தானை நேராக அமுக்கினால் மேல் நம்பர் போகும். பக்கத்தில் இருக்கும் "லோயர்" என்ற குட்டிப் பொத்தானைத் தட்டிவிட்டு அமுக்கினால் கீழ் நம்பர் போகும். பொத்தான்களுக்கு மேலே கண்ணாடி போல ஒரு பிளாஸ்டிக் மூடி. அதற்கு அடியில் ஒரு காகிதப் பட்டை. அதில் ஒவ்வொரு பொத்தானுக்கும் மேலே ஒரு பெயர், கீழே ஒரு பெயர் எழுதி வைத்துக்கொள்ளலாம். இது போக, ஹாஷ் அமுக்கி இரண்டு இலக்கம் தட்டினால் போகிற நம்பர்கள் ஐம்பது. அதில் சாயப்பட்டறை, நூல் மில், காம்பாக்டிங், லேபிள்காரர், அட்டைப்பெட்டிக்காரர் என்று உள்ளூர்க் கூட்டம்.

எனக்கு முன்னால் இருந்தவர் எதையும் பதியாமல் போயிருந்தார். நம்பரெல்லாம் ஒரு டைரியின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. வெளிநாட்டு நம்பர் என்றால் பதிமூன்று பதினான்கு இலக்கம். ஒரு இலக்கம் தவறினால் திரும்ப முதலில் இருந்து. லைன் பிசி என்றால் திரும்ப முதலில் இருந்து. ஜெர்மனியில் ஆபீஸ் திறப்பது நமக்குக் குளிர்காலத்தில் மதியம் ஒன்றரை, வெயில் காலத்தில் பன்னிரண்டரை. அந்த நேரத்துக்கு ஊரில் உள்ள அத்தனை எக்ஸ்போர்ட்காரரும் ஒரே சமயத்தில் ஐ.எஸ்.டி. அடிப்பார்கள் போல, லைன் கிடைக்கவே கிடைக்காது. நான் நின்றுகொண்டே தட்டிக்கொண்டிருப்பேன். ஒரு வாரம் பார்த்துவிட்டு, அலமாரியில் கிடந்த மெஷினின் கையேட்டை எடுத்துப் படித்தேன்.

பதிவது லேசுதான். மெனு, அப்புறம் எந்தப் பொத்தான் என்று அமுக்க வேண்டும், அப்புறம் பெயர், அப்புறம் நம்பர், கடைசியில் செட். பெயர் பத்து எழுத்துக்குள், ஆங்கிலத்தில். எழுத்துக்குத் தனியாகப் பொத்தான் கிடையாது. 2-ஐ ஒரு தட்டு தட்டினால் ஏ, இரண்டு தட்டினால் பி, மூன்று தட்டினால் சி. பின்னால் செல்போன் வந்தபோது ஊரே மெசேஜ் அடிக்கப் பழகியதை நான் நான்கைந்து வருடம் முன்னாலேயே பழகிவிட்டேன். நடுவில் யாராவது கூப்பிட்டு எழுந்து போய்விட்டால் மெஷின் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானாக வெளியே வந்துவிடும், அடித்ததெல்லாம் போச்சு. அதனால் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, ஒரு கையில் தயிர்ச்சோறு, ஒரு கையில் மெஷின் என்று இரண்டு நாளில் பன்னிரண்டையும் பதிந்தேன். காகிதப் பட்டையை வெளியே உருவி, அழகாக ஸ்கெட்ச் பேனாவில் பையர், அதாவது எங்களிடம் சரக்கு வாங்குகிறவர் பெயர், ஊர் பெயர் எல்லாம் எழுதிச் சொருகிவிட்டு, முதலாளி வந்ததும் காட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"அம்மிணி, என்ன பண்ணி வெச்சிருக்கே? ஊர்ல இருக்கறவன் பூராவும் இந்த வழியாத்தான் என் ரூமுக்கு வாரான். எங்க பையர் யாருன்னு போர்டு எழுதி மாட்டிட்டியே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருப்பூரில் ஒருத்தர் பையரை இன்னொருத்தர் தெரிந்துகொள்வது என்பது சாதாரண விஷயம் இல்லை. பையிங் ஹவுஸ் ஆட்கள் வருவார்கள், ஜாப் ஒர்க்காரர்கள் வருவார்கள், முதலாளியின் சொந்தக்காரர்களே வருவார்கள், அவர்களிலும் பாதிப் பேர் எக்ஸ்போர்ட்தான். நம்பர் தெரிந்தால் அன்றைக்கு ராத்திரியே இரண்டு சென்ட் குறைத்து ஒரு கொட்டேஷன் போகும்.

பட்டையை உருவிக் கிழித்துப் போட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எழுது, சொல்றேன்" என்றார். அப்படி எழுதியதுதான் அந்தப் பட்டை. நியூயார்க்கில் இருந்த பெரிய இறக்குமதியாளர், பெரியப்பா. ஹாம்பர்க், மாமா. லண்டனில் ஒரு அம்மா பையிங் பார்த்தார், அவர் சின்னம்மா. மிலான் புதிதாக வந்த பார்ட்டி, அதனால் சம்பந்தி. சென்னையில் எங்களுக்கு ஆர்டர் பிடித்துக்கொடுக்கும் ஏஜென்ட், மச்சான். தூத்துக்குடி கிளியரிங் ஏஜென்ட்டோடு மாதம் ஒரு தடவை சண்டை வரும், அவர் பங்காளி. பேங்க் எல்லோருக்கும் தெரிந்த பேங்க்தான், மறைக்க ஒன்றும் இல்லை, இருந்தாலும் அவருக்கு ஆசை விடவில்லை. "மாமியார்னு போடு" என்றார்.

மெஷினுக்குள்ளும் அதே பெயர்கள். மாமா பதிவது சுலபம். 6 ஒரு தட்டு எம், 2 ஒரு தட்டு ஏ, மறுபடி 6, மறுபடி 2. பெரியப்பா பதிவதற்குள் விரல் நொந்துவிட்டது, அதிலும் பி இரண்டு தடவை அடுத்தடுத்து வருவதால் நடுவில் அம்புக்குறியை அமுக்கி நகர்த்த வேண்டும். யாராவது வெளியாள் உட்கார்ந்திருக்கும்போது முதலாளி உள்ளே இருந்து, "அம்மிணி, மாமாகிட்ட இருந்து ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்பார். "இன்னும் வரலீங்க, சின்னம்மாகிட்ட இருந்துதான் வந்திருக்குது" என்பேன். வந்தவர், பரவாயில்லையே, குடும்பத்தோடு இவ்வளவு ஒட்டுதலாக இருக்கிறார்களே என்று நினைத்துக்கொள்வார்.

ஒரு வருடம் நன்றாக ஓடியது. அப்புறம் ஆபீஸுக்கு இன்டர்காம் போர்டு வந்தது. அதுவரை ஃபேக்ஸுக்குத் தனி லைன். புது போர்டு வந்ததும் லைனெல்லாம் அதற்குள் போய்விட்டது. வெளியே பேச வேண்டுமானால் முதலில் 0 அடித்து, டோன் வந்ததும் நம்பர் அடிக்க வேண்டும். சரி, அவ்வளவுதானே என்று நான் உட்கார்ந்து பன்னிரண்டு நம்பருக்கும் முன்னால் ஒரு 0 சேர்த்துப் பதிந்தேன்.

அன்று சாயங்காலம் மாமாவுக்கு ஒரு ஃபேக்ஸ். போகவில்லை. மெஷின் தானாக ரீடயல் செய்தது, போகவில்லை. ரிசீவரை எடுத்துக் கையால் அடித்தேன், போய்விட்டது. மறுநாளும் அதே கதை. பொத்தானில் அடித்தால் போகாது, கையில் அடித்தால் போகும். பொத்தான் கெட்டுப்போயிற்றோ என்று பதிந்ததை அழித்து மறுபடி பதிந்தேன். மூன்றாம் நாள் காலையில் டெலிபோன் லைன்மேன், கூடவே ஐம்பது வயதுக்காரர் ஒருவர், இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். ஐம்பது வயதுக்காரர் கண் சிவந்திருந்தது.

"உங்க ஆபீஸ்ல எவனுங்க அது? பொழுதோட ஆனாப் போதும், எங்க ஊட்டுக்குப் போன் போட்டு விசிலடிக்கிறான். கல்யாண வயசுல புள்ள இருக்குது எங்க ஊட்டுல."

கட்டிங் மாஸ்டர் வரைக்கும் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து விசாரணை நடந்தது. பாவம், செக்கிங்கில் இருந்த ஒரு பையனுக்கு விசிலடிக்கும் பழக்கம் உண்டு, அவன் முகம் வெளுத்துப்போய்விட்டது. இன்டர்காம் போர்டு மாட்டிய பையன் தற்செயலாக அந்த நேரத்தில் வேறு வேலையாக வந்தவன்தான் காப்பாற்றினான். மாமா பொத்தானை அமுக்கச் சொல்லி, ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

நடந்தது இதுதான். நாம் கையால் அடிக்கும்போது 0 போட்டுவிட்டு, வெளி லைன் டோன் காதில் விழும் வரை காத்திருக்கிறோம். மெஷின் காத்திருக்காது. 0 போட்ட கையோடு ஜெர்மனிக்கான 0049 என்று விறுவிறுவென்று தட்டிவிடும். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கண் விழித்துப் பார்ப்பதற்குள் முன்னால் இருக்கும் இரண்டு பூஜ்யமும் காற்றில் போயிருக்கும். எக்ஸ்சேஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தது 49, அதற்கு மேல் ஹாம்பர்க்கின் 40, அப்புறம் இன்னும் இரண்டு இலக்கம். அப்போது திருப்பூரில் உள்ளூர் நம்பர் ஆறு இலக்கம். ஆறு கிடைத்ததும் எக்ஸ்சேஞ்ச் திருப்தியாகி ஒரு வீட்டில் மணி அடித்துவிட்டது. அந்த வீட்டில் போனை எடுத்தால், எங்கள் மெஷின் "எதிரே ஃபேக்ஸ் இருக்கிறாயா" என்று மூன்று நொடிக்கு ஒரு தடவை கூவும். பீ... கொஞ்சம் அமைதி... பீ... அவருக்கு அது விசில்.

அதற்கு மருந்து ரீடயல் பொத்தானிலேயே இருந்தது. நம்பர் பதியும்போது அதே பொத்தானை அமுக்கினால் அது ரீடயல் இல்லை, பாஸ், அதாவது சற்று நிறுத்தம். திரையில் ஒரு பி விழும். மெஷின் அந்த இடத்தில் மூன்று நொடி போல மூச்சு விட்டுவிட்டு அப்புறம்தான் மேலே அடிக்கும். ஆக 0, பி, அப்புறம் 0049. ஒரு பி போதாத நாட்களும் உண்டு, அதனால் இரண்டு போட்டேன். அந்தப் பையன் இன்னொரு உபாயமும் சொல்லிக்கொடுத்தான். நம்பர் முடிந்த பிறகும் கடைசியில் இரண்டு பாஸ் போட்டு வைத்தால், மெஷின் இன்னும் நம்பர் அடித்து முடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு கூடுதலாகக் காத்திருக்கும். வெளிநாட்டு லைன் சேர்வதற்கு நேரம் ஆகும். அதற்குள் மெஷின் பொறுமை இழந்து துண்டித்துவிடாமல் இருக்க இது ஒரு ஏமாற்று. நியூயார்க் பெரியப்பாவுக்கு இது நன்றாகவே பலித்தது.

விசில் வீட்டுக்காரருக்கு முதலாளி ஒரு டஜன் டி-ஷர்ட் கொடுத்து அனுப்பினார். செக்கிங் பையனுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

நம்பர் என்பது ஒரு தடவை பதிந்தால் முடிந்தது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை, வருடத்துக்கு ஒரு நாடு மாற்றிக்கொண்டே இருந்தது. ஐரோப்பியர்களின் லெட்டர்ஹெட்டில் நாட்டுக் குறியீட்டுக்கு அடுத்து அடைப்புக்குறிக்குள் ஒரு பூஜ்யம் இருக்கும். அது அவர்கள் ஊருக்குள் அடிப்பதற்கு. வெளியில் இருந்து அடிக்கும்போது விட்டுவிட வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அண்ணன். தலையில் குட்டாத குறையாகச் சொல்லிக்கொடுத்தார். 1998-இல் மிலானில் இருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது, இனிமேல் வெளிநாட்டில் இருந்து அடித்தாலும் அந்தப் பூஜ்யத்தைச் சேர்த்தே அடிக்கவும் என்று. இத்தாலி முழுக்க அப்படி மாற்றிவிட்டார்கள். நானோ பூஜ்யத்தைப் பார்த்தால் வெட்டு என்று பழகினவள். யாரோ விவரம் தெரியாத பெண் டைப் அடித்திருக்கிறாள் என்று நினைத்து வெட்டியே வைத்திருந்தேன். கொஞ்ச மாதம் பழைய நம்பரும் போய்க்கொண்டிருந்தது, அதனால் என் கெட்டிக்காரத்தனம் வெளியே தெரியவில்லை. பின்னால் ஒரு நாள் சம்பந்தி அடியோடு எடுக்காமல் போனபோது சுற்றறிக்கையைத் தேடி எடுத்தேன். இன்றைக்கும் இத்தாலிக்கு அந்தப் பூஜ்யத்தோடுதான் அடிக்க வேண்டும், ஜெர்மனிக்கு இல்லாமல்தான் அடிக்க வேண்டும். 2000 ஏப்ரலில் லண்டன் 171 போய் 20 7 ஆனது. சின்னம்மா ஒரு மாதம் முன்னாலேயே தகவல் கொடுத்துவிட்டார், அவர் எப்போதும் அப்படித்தான்.

இத்தனையையும் ஒரு குயர் நோட்டு ஒன்றில் எழுதி வைக்க ஆரம்பித்தேன். எந்தப் பொத்தான், எந்த நம்பர், எத்தனை பாஸ், எப்போது மாற்றியது. ஒரு சித்திரை மாத இடியில் மெஷினின் போர்டு எரிந்து, புது போர்டு போட்டு வந்தபோது உள்ளே ஒரு நம்பர் இல்லை, வெறும் மண்டை. அன்றைக்கு அந்த நோட்டு இல்லாவிட்டால் கம்பெனி பாடு திண்டாட்டம். அதற்குப் பிறகு மழை இருட்டிக்கொண்டு வந்தாலே முதலில் ஓடிப்போய் ஃபேக்ஸ் லைனைப் பிடுங்குவேன், அப்புறம்தான் மாடியில் காயும் சாம்பிள் துணி.

சரி, மேலே கீழே விஷயத்துக்கு வருகிறேன்.

1999, கோடை ஆர்டர்கள் பேசும் சமயம். மாமாவுக்கு 12,000 பீஸ் ரவுண்ட் நெக் டி-ஷர்ட். விலை பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கும் மாமாவுக்கும் நடுவே மச்சான், அதாவது சென்னை ஏஜென்ட். மச்சானுக்கு மட்டும் எங்கள் காஸ்டிங் ஷீட் போகும். நூல் என்ன விலை, நிட்டிங் எவ்வளவு, சாயம் எவ்வளவு, கட்டிங் தையல் செக்கிங் எவ்வளவு, பெட்டி, லாரி, மச்சான் கமிஷன் 3 சதவீதம், கடைசியில் எங்களுக்கு நிற்பது 11 சதவீதம். எல்லாவற்றையும் கூட்டி 2 டாலர் 35 சென்ட். நானே டைப் அடித்தது. இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் கணக்கு, இரண்டாம் பக்கத்தில் டெலிவரி தேதிகள்.

மாமா மூன்றாவது பொத்தானில் மேலே. மச்சான் மூன்றாவது பொத்தானில் கீழே. நான்தான் அப்படி வைத்தேன். இரண்டு பேரும் ஒரே ஆர்டரில் வருகிறவர்கள், பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வசதி என்று.

அன்றைக்கு மூன்று மணி இருக்கும். பீஸ் ரேட் கேட்டு வெளியே நாலு பேர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். காகிதத்தை முகம் குப்புறச் சொருகினேன். மூன்றாவது பொத்தானை அமுக்கினேன். லோயரைத் தட்டவில்லை. தட்டியதாகவே நினைவு. மெஷின் நம்பரை அடித்தது. வழக்கமாகச் சென்னைக்கு அடிப்பதைவிடக் கொஞ்சம் நீளமாக அடித்தது, அதைக் காது கவனித்தது, மனசு கவனிக்கவில்லை. எதிர் மெஷின் கூவியது, இரண்டும் கரகரவென்று பேசிக்கொண்டன, முதல் பக்கம் மெதுவாக உள்ளே போக ஆரம்பித்தது. நான் திரும்பி வவுச்சர் எழுத உட்கார்ந்துவிட்டேன். முதல் பக்கம் முழுவதும் போய் முன்னால் வந்து விழுந்த சத்தத்துக்குத் திரும்பினேன். இரண்டாம் பக்கம் கால்வாசி உள்ளே போயிருந்தது. திரையில் எம் ஏ எம் ஏ என்று பச்சையாக நான்கு எழுத்து.

ஸ்டாப்பை அமுக்கினேன். நிற்கிறதா இல்லையா என்று பார்க்கக்கூடப் பொறுக்காமல் சுவரில் இருந்து கரன்ட் ஒயரையும் பிடுங்கினேன். பிடுங்கி என்ன செய்ய? ஃபேக்ஸில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக "வந்து சேர்ந்தது" என்று எதிர் மெஷின் ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்த பக்கம் நகரும். இரண்டாம் பக்கம் உள்ளே போக ஆரம்பித்துவிட்டது என்றால் முதல் பக்கம் ஹாம்பர்க்கில் தட்டில் விழுந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பக்கத்தில்தான் எங்கள் 11 சதவீதம்.

கையில் ஒயரோடு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. மெர்ச்சண்டைசர் அண்ணன்தான் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் மெஷினுக்கு மறுபடி கரன்ட் கொடுத்தார். "வரட்டும், பாக்கலாம்" என்றார். முதலாளி நூல் வாங்கப் போயிருந்தார். அவர் வருவதற்குள் ஹாம்பர்க்கில் இருந்து பதில் வந்துவிட்டது. ஒரே பக்கம். எங்கள் காஸ்டிங் ஷீட்டையே திருப்பி அனுப்பியிருந்தார்கள். 11 சதவீதத்தைச் சுற்றிப் பேனாவில் ஒரு வட்டம். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அவ்வளவுதான், ஒரு எழுத்து இல்லை.

முதலாளி வந்தார். காகிதத்தைக் கையில் கொடுத்தேன். பார்த்தார். பட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மச்சான்கிட்ட நான் சத்தியம் வாங்கிருக்கேன், இத வெளிய காட்டக் கூடாதுன்னு. மாமாகிட்ட நாமளே கொண்டுபோய்க் குடுத்துட்டமே, அம்மிணி."

2.35 என்பது 2.30-இல் முடிந்தது. பீஸுக்கு 5 சென்ட், 12,000 பீஸுக்கு 600 டாலர். அப்போது டாலர் 43 ரூபாய் சுற்றி. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், கிட்டத்தட்ட 26,000 ரூபாய். என் சம்பளம் அப்போது 1,800 ஆகியிருந்தது. பதினான்கு மாதச் சம்பளம் ஒரு குட்டிப் பொத்தானில். இதற்கு மேலே, மச்சானுக்கு நாங்கள் 3 சதவீதம் கொடுக்கிறோம் என்று மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. மச்சான் மாமாவிடம் தனியாக எவ்வளவு வாங்கிக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது, ஆனால் அதற்கப்புறம் இரண்டு மாதம் மச்சான் எங்கள் போனை எடுக்கவில்லை என்பதில் இருந்து ஊகித்துக்கொண்டோம்.

சம்பளத்தில் பிடிக்கவில்லை. நானாகவே ராஜினாமா எழுதிக்கொண்டு போனேன். படித்துவிட்டு, "இத டைப் பண்ணி யாருக்கு ஃபேக்ஸ் அனுப்பப் போறே?" என்று கேட்டார். அதோடு சரி.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன். விலை பார்க்கிறவர்கள் எல்லாம் மேல் வரிசை, விலை பார்க்கக்கூடாதவர்கள் யாரும் அந்த வரிசையில் இல்லை என்று பிரிக்க நினைத்தேன், ஆனால் யார் எந்தப் பக்கம் என்று பிரிக்கப் போனால் எல்லோருமே விலை பார்க்கக்கூடாதவர்கள்தான். கடைசியில் வெளிநாடு மேல் வரிசை, உள்நாடு கீழ் வரிசை. அதோடு மச்சானைப் பொத்தானில் இருந்தே எடுத்துவிட்டேன். காஸ்டிங் ஷீட் போகிற நம்பர் எந்தப் பொத்தானிலும் இருக்கக்கூடாது, கையால்தான் அடிக்க வேண்டும், அடிக்கும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடிக்க வேண்டும். இந்தச் சட்டத்தை நான் போட்டேன், முதலாளி உட்பட எல்லோரும் கடைப்பிடித்தார்கள். தங்கச்சி மகளுக்கும் இதைத்தான் சொன்னேன். அவள் ஆபீஸில் கையால் அடிக்கிற வசதியே இல்லையாம், பட்டியலில் இருந்துதான் எடுக்க வேண்டுமாம். எனக்கு அது பிடிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அவளைச் சிரிக்கவைத்தது இதுதான்.

2000களின் தொடக்கத்தில் நம் ஊர் நம்பர்களுக்கெல்லாம் முன்னால் ஒரு 2 சேர்த்தார்கள் அல்லவா, ஆறு இலக்கம் ஏழானதே, அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆபீஸில் தனியாக உட்கார்ந்து ஐம்பது உள்ளூர் நம்பரையும் திருத்தினேன். சாயப்பட்டறை, மில், பெட்டிக்காரர், மாமியார் உட்பட. ஒன்றுகூட விடவில்லை. வெளிநாட்டுப் பார்ட்டிகளுக்கெல்லாம் எங்கள் புது நம்பரைச் சொல்லிச் சுற்றறிக்கையும் அனுப்பினேன். திங்கட்கிழமை எல்லாம் ஒழுங்காகப் போனது. ஆனால் மாமாவிடம் இருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. ஒரு வாரம். ஷேட் அப்ரூவல் இல்லாமல் சாயப்பட்டறையில் துணி காத்துக்கிடந்தது.

ஃபேக்ஸ் அனுப்பினால் ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் பொடி எழுத்தில் அனுப்புகிறவர் பெயரும் நம்பரும் தானாக அச்சாகும். அதையும் நாம்தான் மெஷினில் பதிந்து வைக்க வேண்டும். 1997-இல் பதிந்தேன். அதற்கப்புறம் அதை நான் தொடவே இல்லை. ஊர் நம்பரையெல்லாம் திருத்தியவள் சொந்த நம்பரைத் திருத்தவில்லை. சுற்றறிக்கையின் நடுவில் புது நம்பர், அதே சுற்றறிக்கையின் தலையில் பழைய நம்பர். ஹாம்பர்க்கில் இருந்த என்னைப் போன்ற ஒருத்தி, மனுஷி டைப் அடித்ததைவிட மெஷின் அச்சடித்ததுதான் சரியாக இருக்கும் என்று முடிவு செய்து பழைய நம்பரையே தன் மெஷினில் வைத்துக்கொண்டுவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து முதலாளிக்கு ஈ-மெயில் வந்தது. அவர் அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு என் டேபிளுக்கே வந்தார். உங்கள் ஃபேக்ஸ் நம்பரை அடித்தால் ஒரு பெண் எடுக்கிறார், உங்கள் மொழியில் பேசுகிறார், நாங்கள் ஆங்கிலத்தில் எவ்வளவு சொன்னாலும் கேட்காமல் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார், தயவுசெய்து அவரைப் போனை வைத்துவிட்டு மெஷினைப் போடச் சொல்லவும் என்று எழுதியிருந்தது.

முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மிணி, ஒரு வாரமா மாமாகிட்ட அப்பிடி என்னத்தப் பேசிட்டிருக்கே?"